மண் கிண்ணத்துல திருவிருந்து கொடுக்கலாமா? சுங்கான்கடை சக்கரத்திலிருந்து பீடம் வரை ஒரு பார்வை

பெரிய வியாழன் மாலை. குமரி மாவட்டத்தின் பெரும்பாலான தேவாலயங்களில் அன்று ஒரு சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட இரவு அது. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். ஒரு கிண்ணத்தில் திராட்சை ரசத்தைக் கொடுத்து எல்லோரையும் குடிக்கச் சொன்னார். அந்த நினைவாக இன்றும் பீடத்தின் மீது ஒரு கிண்ணம் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு அது திருக்கிண்ணம். சி.எஸ்.ஐ. சபையினருக்குத் திருவிருந்துப் பாத்திரம்.

அது பெரும்பாலும் உலோகம்தான். வெள்ளி, தங்க முலாம் பூசிய பித்தளை, எவர்சில்வர் என்று கோயிலுக்குக் கோயில் மாறும். ஆனால் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சுங்கான்கடை வந்துவிடும். மண்பானைக்குப் பேர்போன ஊர். இன்னொரு பக்கம் தாழக்குடி. பொங்கல் நெருங்கினால் இந்த ஊர்களில் சக்கரம் ஓயாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சுமார் 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இத்தனை தேவாலயங்கள், பக்கத்திலேயே இத்தனை குயவர்கள். அப்படியானால் பீடத்தில் இருக்கும் கிண்ணத்தை உள்ளூர் மண்ணில் செய்தால் என்ன?

அமெரிக்காவில் பல சபைகள் சக்கரத்தில் வனைந்த மண் கிண்ணத்தில்தான் திருவிருந்து கொடுக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையோ வேண்டாம் என்கிறது. இந்த இரண்டு நிலைப்பாடுகளுக்கும் பின்னால் என்ன இருக்கிறது? கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

பானை செய்றவருக்குக் கிண்ணம் பெரிய வேலையா?

பார்த்தால் சின்னப் பொருள். ஆனால் வேலை வேறு மாதிரி.

நம்மூர் பானைக்கு அடிப்பாகம் உருண்டை. குயவர் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் வனைந்து, அறுத்து எடுத்து, மண் கொஞ்சம் இறுகியதும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார். அடுப்பின் மூன்று கல்லின் மேல் உட்காரவும், தீ எல்லாப் பக்கமும் சமமாகப் படவும் அந்த உருண்டை அடிதான் வசதி.

திருவிருந்துக் கிண்ணம் இதற்கு நேர் எதிர். மேலே ஒரு குவளை, நடுவில் கைப்பிடி போன்ற தண்டு, கீழே அகன்ற பாதம். கனம் மேலே, பிடிப்பு நடுவில். பாதம் கொஞ்சம் குறுகினாலும் சாய்ந்துவிடும். உள்ளே இருப்பதோ ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது என்று நம்பப்படும் ரசம்.

அதனால் இதை ஒரே துண்டாக வனைவது அபூர்வம். குவளையைத் தனியாக வனைவார்கள். தண்டையும் பாதத்தையும் சேர்த்து, கவிழ்த்து வைத்த மணி மாதிரி தனியாக வனைவார்கள். அரை கிலோவுக்குக் குறைவான மண் குவளைக்குப் போதும், தண்டுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டும் பாதி காய்ந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வரும்போது ஒட்டும் இடத்தைக் கீறிவிட்டு, குழைத்த மண்ணைப் பசை போலத் தடவி அழுத்துவார்கள். ஒன்று ஈரமாகவும் மற்றொன்று காய்ந்தும் இருந்தால் ஒட்டு நிற்காது. காயும்போதே விரிசல் விட்டுவிடும்.

தண்டு உள்ளே வெற்றாக இருக்க வேண்டும். கெட்டியாகச் செய்தால் வெளிப்புறம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் அந்த ஈரம் ஆவியாகி, கிண்ணத்தையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். வெற்றாகச் செய்தாலும் காற்று வெளியேற ஒரு சிறு துளை இருக்க வேண்டும்.

அப்புறம் சுருக்கம். காய்ந்து, சுட்டு முடியும்போது மண் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 18 சென்டிமீட்டர் உயரக் கிண்ணம் வேண்டுமென்றால் சக்கரத்தில் 20 சென்டிமீட்டருக்கு வனைய வேண்டும். விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் உதட்டைக் கீறக் கூடாது. வாய் வெளிப்பக்கம் ரொம்ப விரிந்தால் ரசம் வழியும்.

குமரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்யும். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை விட்டுவிட்டு மழைதான். வெயில் பார்த்துக் காயவைக்கும் தொழிலுக்கு வருடத்தில் பாதி நாள் சோதனைக் காலம்.

ஊறுகாய் பரணி ஊறாதபோது சட்டி மட்டும் ஏன் ஊறுது?

இதுதான் முக்கியமான கேள்வி.

புது மீன்சட்டி வாங்கினால் உடனே யாரும் குழம்பு வைப்பதில்லை. கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, கொதிக்கவிட்டு, சட்டியைப் பழக்குவார்கள். சட்டியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. கஞ்சியின் பசை அவற்றைக் கொஞ்சம் அடைக்கிறது. பழகிய சட்டியில் மீன்குழம்பு ருசிப்பதற்கும், கோடையில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்கும் இந்தத் துளைகள்தான் காரணம். பானையின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல நீர் கசிந்து ஆவியாகிறது. அதனால் உள்ளே உள்ள நீர் குளிர்கிறது.

கிராமத்துச் சூளையில் வெப்பம் சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரைதான் போகும். அந்தச் சூட்டில் மண் கெட்டியாகும், ஆனால் துளைகள் மூடாது. இப்படிச் சுட்ட கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றினால் ஒரு பகுதி மண்ணுக்குள் போய்விடும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியே வராது. கறை படியும், வாடை வரும், கிருமி தங்கவும் இடம் கிடைக்கும்.

இப்போது ஊறுகாய் பரணியைப் பாருங்கள். அதுவும் மண்தான். ஆனால் உப்பும் புளிப்பும் எண்ணெயும் வருடக்கணக்கில் இருந்தாலும் கசியாது. அது வேறு வகை மண், சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டது. அந்த வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடி போலாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. மேலே பளபளவென்று இருக்கும் கிளேஸ் பூச்சும் கண்ணாடிதான். திருவிருந்துக்கான மண் கிண்ணம் மீன்சட்டியின் வகையில் இருக்கக் கூடாது, பரணியின் வகையில் இருக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். உயர் வெப்பத்தில் சுட்ட பாத்திரங்கள் அங்கே உருவாயின. அங்கே பயின்றவர்கள் பலர் புதுச்சேரி, ஆரோவில் பகுதியில் தனிப் பட்டறைகள் நடத்துகிறார்கள். ஆனால் அந்தச் சூளை வேறு, மண் கலவை வேறு, முதலீடும் வேறு. சுங்கான்கடையில் வைக்கோலும் விறகும் மூட்டிச் சுடும் சூளையால் அந்த வெப்பத்தைத் தொட முடியாது.

பூச்சிலும் கவனம் தேவை. திராட்சை ரசத்துக்கு அமிலத்தன்மை உண்டு. ஈயம் கலந்த பூச்சாக இருந்தால் அமிலம் ஈயத்தைக் கரைத்துவிடும். வாரா வாரம் குடிப்பவர்களுக்கு அது விஷம். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ரசம் உள்ளே போகும். குயவர்கள் செய்யும் எளிய சோதனைகள் இரண்டு. பூச்சின் மேல் ஒரு துண்டு எலுமிச்சையை இரவு முழுக்க வைத்துப் பார்ப்பது ஒன்று. நிறம் மங்கினால் அந்தப் பூச்சு அமிலத்துக்குத் தாங்காது. கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைப்பது மற்றொன்று. காலையில் காகிதம் நனைந்திருந்தால் கிண்ணம் தேறவில்லை. ஆனால் எலுமிச்சை தேறியதாலேயே ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை ஏன் வேண்டாம்னு சொல்லுது?

தொடக்கக் காலத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துலூஸ் நகர ஆயர் எக்சுபேரியுஸ் கண்ணாடிக் கிண்ணத்தைப் பயன்படுத்தியதைப் புனித ஜெரோம் பாராட்டி எழுதியிருக்கிறார். ஆயர் தன்னிடம் இருந்த செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்பதுதான் பாராட்டுக்குக் காரணம். ஸ்பெயினின் வாலென்சியா பேராலயத்தில் கடைசி இராவுணவின் கிண்ணம் என்று வணங்கப்படுவது கல்லில், அகேட் கல்லில் குடைந்தது. காலம் போகப்போக மரமும் கண்ணாடியும் விலக்கப்பட்டு, விலை உயர்ந்த உலோகமே வழக்கமானது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு எளிமை விரும்பிய பல குருக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மண் கிண்ணங்களுக்கு மாறினார்கள். அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 2004 மார்ச் 25-ல் வத்திக்கான் வெளியிட்ட 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' என்ற அறிவுரை. கண்ணாடி, மண் போன்று எளிதில் உடையும் பொருட்களால் ஆன பாத்திரங்களைத் திருப்பலிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. திருப்பலி ஒழுங்குமுறையிலும் ஏற்கெனவே தெளிவான விதி உண்டு: ரசம் இருக்கும் குவளைப் பகுதி உறிஞ்சாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். அடிப்பாகம் மட்டும் வேறு உறுதியான, தகுதியான பொருளில் இருக்கலாம்.

இதன் பின்னால் இருப்பது ஒரு நம்பிக்கை. குருவானவர் அர்ச்சித்த பிறகு கிண்ணத்தில் இருப்பது வெறும் ரசம் அல்ல, கிறிஸ்துவின் இரத்தம் என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அது மண்ணுக்குள் ஊறுவதையோ, கிண்ணம் உடைந்து தரையில் ஓடுவதையோ அவர்களால் ஏற்க முடியாது. மண் மட்டமானது என்பதால் மட்டும் வந்த தடையல்ல இது. ஊறும், உடையும் என்ற இரண்டும் பெரிய காரணங்கள். இதில் முதல் குறையைச் சூளையின் வெப்பம் தீர்த்துவிடும். இரண்டாவது குறையை எந்தச் சூளையாலும் தீர்க்க முடியாது. ஆகவே கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் லத்தீன் வழிபாட்டுப் பீடங்களில் மண் குவளைக்கு இடமில்லை.

சி.எஸ்.ஐ.யும் மற்ற சபைகளும்?

புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வத்திக்கானின் விதி பொருந்தாது. ஆனால் அவர்களுக்குள்ளும் ஒரே வழக்கம் இல்லை. இங்கிலாந்து திருச்சபையின் சட்டம் கிண்ணம் தங்கம், வெள்ளி அல்லது தகுந்த வேறு உலோகத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் மண் கிண்ணமும் மண் தட்டும் சகஜம்.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்து உருவானது. குமரிப் பகுதிக்கு வந்தது எல்.எம்.எஸ். என்று இங்கே சொல்லப்படும் லண்டன் மிஷன். ஆடம்பரமான பீடப் பொருட்களில் அதிக நாட்டம் காட்டாத மரபு அது. அதே மாவட்டத்தில், நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தும் இரட்சணிய சேனையில் கிண்ணமே கிடையாது. 1883-லிருந்து அவர்கள் திருவிருந்து சடங்கை நடத்துவதில்லை.

ஒரே கிண்ணத்துல குடிச்சா நோய் வராதா?

கோவிட் காலத்தில் பலரும் கேட்ட கேள்வி இது. இங்கிலாந்து திருச்சபை 2020 மார்ச்சில் பொதுக் கிண்ணத்தை நிறுத்திவைத்தது. ஆனால் இந்தப் பயம் புதிதல்ல. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 1890-களிலேயே அமெரிக்கச் சபைகள் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்ற முறையைக் கொண்டுவந்தன.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பொதுக் கிண்ணத்தால் நோய் பரவும் ஆபத்தைக் கோட்பாட்டளவில் மறுக்க முடியாது, ஆனால் அது மிகக் குறைவு, அப்படி நோய் பரவியதாகப் பதிவும் இல்லை என்பது அவர்கள் முடிவு. ஒவ்வொருவர் குடித்த பிறகும் விளிம்பைத் துணியால் துடைப்பதும் கிண்ணத்தைச் சுற்றிப் பிடிப்பதும் நல்லது. மண் கிண்ணம் என்றால் பூச்சில் விரிசல் இல்லாமல் இருப்பது கட்டாயம்.

யார் வாய் வைத்த கிண்ணம்?

தமிழ்நாட்டில் கிண்ணத்தைப் பற்றிய பெரிய சண்டை கிருமியாலும் வரவில்லை, உலோகத்தாலும் வரவில்லை. சாதியால் வந்தது.

18-ம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் சபையில் சாதிவாரியாக இருக்கைகள் தனித்தனி, திருவிருந்துக் கிண்ணமும் இரண்டு. ஒரே கடவுள், ஒரே அப்பம், ஆனால் கிண்ணம் வேறு. 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மற்றவரோடு ஒரே கிண்ணத்தில் குடிப்பதற்குப் பதில் சபையையே விட்டுப் போனவர்கள் உண்டு.

குமரியில் கதை வேறு திசையில் தொடங்கியது. இங்கே முதல் புராட்டஸ்டண்ட் சபைக்கு வித்திட்டவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் அழைப்பில் 1806-ல் ரிங்கல்தௌபே வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

இந்த இடத்தில் மண் மறுபடி பேச்சுக்கு வருகிறது. தீட்டு என்று வந்தால் நம் வீடுகளில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்தார்கள். மண்பானையைத் தூக்கி எறிந்தார்கள். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலிலும் இதே கணக்குதான்: தீட்டுப்பட்ட மரப் பாத்திரத்தைக் கழுவலாம், மண் பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும். உலோகம் தொட்டவரை மறந்துவிடும், மண் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். ஒடுக்கப்பட்டவர்களுக்குச் சிரட்டையில் ஊற்றியதும், டீக்கடைகளில் தனிக் குவளை வைத்ததும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

அதனால்தான் திருவிருந்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பது இந்த மண்ணில் வெறும் சடங்காக இருக்கவில்லை. கிண்ணம் வெள்ளியா மண்ணா என்பது இரண்டாவது கேள்வி. எனக்கு முன்னால் குடித்தவர் யார் என்று பார்க்காமல் குடிக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. சுத்தம் என்ற பெயரில் ஆளுக்கொரு கிண்ணம் வரும்போது சிலர் தயங்குவதற்கும் இது ஒரு காரணம். நூறு வருடப் போராட்டத்தில் ஒன்றான கிண்ணம் மறுபடி நூறாகப் பிரிகிறதே என்ற வருத்தம் அது.

அப்போ குயவருக்கு இதுல என்ன இருக்கு?

உள்ளதை உள்ளபடி சொன்னால், உடனடியாகப் பெரிய சந்தை இல்லை. ஒரு சபைக்கு ஒன்றிரண்டு கிண்ணம் போதும். பல வருடம் உழைக்கும் பொருள் அது. கத்தோலிக்கப் பீடங்கள் வாங்கப்போவதில்லை. மற்ற சபைகள் வாங்க வேண்டுமென்றால் உயர் வெப்பச் சூளை வேண்டும், ஈயமில்லாத பூச்சு வேண்டும், அதற்கான பயிற்சி வேண்டும். தனி ஒரு குடும்பத்தால் முடிகிற செலவல்ல. கூட்டுறவாகச் செய்தால்தான் உண்டு.

ஆனால் ஒரு வாய்ப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்யும்போது குயவர் சக்கரத்தில் ஒரு பெரிய மண் குவியலை வைத்து, அதன் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வனைந்து அறுத்து எடுப்பார். தனிக்கிண்ண முறையைப் பின்பற்றும் சபைகளுக்குத் தேவையான விரல் உயரக் கிண்ணங்களுக்கும் இதே கைவேகம் போதும். பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கிக் குப்பையில் போடும் இடத்தில் இது நல்ல மாற்று. பொதுக் கிண்ணமா தனிக்கிண்ணமா என்பதைச் சபைதான் முடிவு செய்ய வேண்டும்.

மூலப்பொருளில் கொஞ்சம் நிம்மதி வந்திருக்கிறது. குளங்களில் வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வகையில் தமிழ்நாடு அரசு 2024-ல் விதியை எளிதாக்கியது. விவசாயிகளோடு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

பைபிளுக்குக் குயவர் புதியவர் அல்ல. எரேமியா தீர்க்கதரிசி பாடம் கற்கப் போனது குயவரின் வீட்டுக்கு. விலைமதிப்பற்றதை மண்பாண்டத்தில் சுமக்கிறோம் என்று பவுல் எழுதியது மனிதர்களைப் பற்றி. யூதாஸ் திருப்பி எறிந்த வெள்ளிக்காசில் வாங்கியதும் குயவரின் நிலம்தான். இவ்வளவு இருந்தும் கடைசி இராவுணவின் கிண்ணம் எதில் ஆனது என்று மட்டும் நற்செய்தி நூல்கள் எழுதவில்லை. ஒரு கிண்ணம் இருந்தது, அதில் எல்லோரும் குடித்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன.